உடல், குலுக்கல், கேள்வி: மருத்துவ ஆய்வுகளை வாசிப்பது பற்றிச் சில குறிப்புகள்

1

2021 மே மாதத் தொடக்கம். நண்பர் ஒருவரின் அண்ணனுக்குக் கொரோனா. மூச்சு வாங்குகிறது என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு உள்ளேயிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது: பிளாஸ்மா இரண்டு யூனிட், உடனே ஏற்பாடு செய்யவும். கொரோனா வந்து தேறியவரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் மஞ்சள் நீர் அது. நோயெதிர்ப்புப் பொருள்கள் அதில் இருக்கும், ஏற்றினால் இவருக்கும் அந்தத் தெம்பு வரும் என்பது கணக்கு. நாங்கள் ஏழெட்டுப் பேர் விடிய விடிய போனில் இருந்தோம். தேறியவர்களைத் தேடினோம், ரத்த வகை கேட்டோம், கெஞ்சினோம். விடியும்போது ஒரு யூனிட் கிடைத்தது. அன்று மாலை அவர் போய்விட்டார். நண்பர் இன்னைக்கும் சொல்றார்: "ரெண்டாவது யூனிட்டும் கிடைச்சிருந்தா அண்ணன் பொழைச்சிருப்பார்."

அவரிடம் சொல்ல முடியாத செய்தி ஒன்று இருக்கிறது. நாங்கள் அலைந்த அந்த இரவுக்கு ஏழு மாதம் முன்பே, 2020 அக்டோபரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு வெளிவந்துவிட்டது. பிளாஸ்மா ஏற்றியவர்களில் 19 சதவீதம் பேர் மோசமான நிலைக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். ஏற்றாதவர்களில் 18 சதவீதம். வித்தியாசம் இல்லை. 2021 மே மாதம் இங்கிலாந்திலிருந்து 11,558 பேரை வைத்து நடத்திய இன்னொரு ஆய்வு முழுமையாக வெளிவந்தது. இரண்டு பக்கமும் 24 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அதே மே 17-ஆம் தேதி இந்திய அரசு தன் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மாவை நீக்கியது. ஆக, எங்களை ராத்திரி முழுக்க ஓடவிட்ட சீட்டில் எழுதியிருந்தது, பலனில்லை என்று அரசாங்கத்தின் ஆய்வே சொல்லியிருந்த ஒரு பொருள்.

அந்த அறிவு எங்கே நின்றுபோனது? டாக்டருக்குத் தெரியாதா, தெரிந்தும் எழுதினாரா? நமக்கு ஏன் தெரியவில்லை? இலக்கியம், கோட்பாடு, சாதி, வர்க்கம் என்று எவ்வளவோ வாசிக்கிற நாம், நம் உடம்பின் மீது எடுக்கப்படும் முடிவுகள் எந்தப் பிரதியிலிருந்து வருகின்றன என்று வாசித்ததே இல்லை. அந்தப் பிரதிகளை வாசிக்க ஒரு தொடக்கமாகத்தான் இந்தக் குறிப்புகள்.

2

நம் வட்டத்தில் மருத்துவம் என்று பேச்செடுத்தால் ஃபூக்கோவில் ஆரம்பிப்பது வழக்கம். 1963-இல் அவர் எழுதிய நூல், நவீன மருத்துவமனை எப்படி ஒரு பார்வையை உருவாக்கியது, அந்தப் பார்வையின் கீழ் நோயாளி எப்படி நோயின் இருப்பிடமாக மட்டும் சுருங்கினார் என்று காட்டியது. இதில் எனக்குச் சண்டை இல்லை. அரசு ஆஸ்பத்திரி வார்டில் ஒரு காலை நேரம் நின்றவர்களுக்கு இதைப் புரிய வைக்க பிரெஞ்சு தேவையே இல்லை. "அந்த மூணாம் நம்பர் லிவர் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு போகிறவரை நாமும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் இதிலிருந்து, மருத்துவ ஆய்வு என்பதும் அதே அதிகாரத்தின் இன்னொரு கை, அதனால் அதை மொத்தமாக நிராகரிப்பதே புரட்சி என்று சில தோழர்கள் தாவுகிறார்கள். இந்தத் தாவலைத்தான் நான் கேள்வி கேட்க விரும்புகிறேன். டாக்டரின் அதிகாரத்தை உள்ளேயிருந்தே கவிழ்த்த கருவி ஒன்று உண்டென்றால் அது குலுக்கல் முறை ஒப்பீட்டு ஆய்வுதான்.

நம்ம ஊரில் 'கைராசி டாக்டர்' என்று ஒரு சொல் உண்டு. அவர் தொட்டால் சரியாகிவிடும். ஊரே சொல்லும். அந்தப் பேர் எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பாதி நோய்கள் தானாகவே சரியாகும். ஒரு மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று டாக்டரே தேர்ந்தெடுக்கும்போது, தேறக்கூடியவர் என்று தோன்றுகிறவருக்கே கை போகும். கொடுத்த பிறகு, பலன் தெரிய வேண்டும் என்று டாக்டரும் நோயாளியும் சேர்ந்தே விரும்புகிறார்கள். விரும்பினால் தெரியவும் செய்யும். எல்லாவற்றுக்கும் மேல், பொழைச்சவன் பத்துப் பேரிடம் வந்து சொல்வான், செத்தவன் எங்கே வந்து சொல்ல? இந்த நான்கும் சேர்ந்ததுதான் கைராசி. உலகம் முழுக்க மருத்துவம் பல நூற்றாண்டு கைராசியில்தான் ஓடியது. சித்தம், ஆயுர்வேதம், அலோபதி என்ற பேதம் இதில் கிடையாது.

குலுக்கல் இதை உடைக்கிறது. சிகிச்சை தேவைப்படும் ஆயிரம் பேரை எடுத்து, யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து (அல்லது மருந்து போலத் தோற்றம் மட்டுமே உள்ள மாத்திரை) என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறோம். பணக்காரர், ஏழை, தேறக்கூடியவர், தேறமாட்டாதவர், சிகரெட் பிடிப்பவர், பிடிக்காதவர் என எல்லோரும் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் போய் விழுவார்கள். முடிந்தால், எது யாருக்குப் போனது என்று கொடுத்த டாக்டருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்ப்பது. செத்தவர்களும் எண்ணிக்கையில் வருவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இந்த முறைக்குப் பேர் வாங்கித் தந்தது 1948-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின். 55 பேருக்கு ஊசியும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் இந்தப் பக்கம் 4 சாவு, அந்தப் பக்கம் 14. அந்த 52 பேருக்கு ஏன் மருந்து கொடுக்கவில்லை? போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை. எப்படியும் பலருக்குக் கிடைக்காது, யாருக்கு என்பதைச் சீட்டு தீர்மானிக்கட்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். இந்த 'இல்லாமை நியாயம்' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இந்த முறைக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய ஆர்ச்சி காக்ரன் யார் தெரியுமா? மருத்துவ மாணவராக இருந்தபோதே 1936-இல் பாசிஸ்டுகளுக்கு எதிராக ஸ்பெயினுக்கு ஆம்புலன்ஸ் படையோடு போனவர். 1941-இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர்க்கைதிகள் முகாமில் கைதிகளுக்கே டாக்டராக இருந்தவர். அங்கே காசநோயாளிகளுக்கு அன்றைய சிகிச்சைகளை விருப்பம்போல் கொடுக்கும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. தான் செய்வது காப்பாற்றுகிறதா கொல்கிறதா என்பதே தெரியவில்லை என்ற வேதனை அங்கிருந்துதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்கும் முன்பு முப்பதுகளில், லண்டன் ஊர்வலம் ஒன்றில், பலன் தரும் சிகிச்சைகள் அத்தனையும் இலவசமாக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கைப் பலகையைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு நடந்தவர். எது பலன் தரும் என்று தெரியாமல் எதை இலவசமாகக் கேட்பது? ஆய்வு பற்றிய அவருடைய அக்கறை அந்தக் கோரிக்கையோடு ஒட்டியே பிறந்தது.

3

இனி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள் வார்டு வார்டாக நடந்து பார்ப்போம்.

இதயப் பிரிவு. மாரடைப்பு வந்தவர்களில் சிலருக்கு இதயத்துடிப்பு அவ்வப்போது தாளம் தப்பும். தாளம் தப்புகிறவர்கள் அதிகம் சாகிறார்கள். தாளத்தைச் சரிசெய்யும் மாத்திரைகள் இருந்தன, ஈ.சி.ஜி.யில் தாளம் சரியாவது கண்ணுக்கே தெரிந்தது. அப்புறம் என்ன, கொடுத்துவிட வேண்டியதுதானே? அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தார்கள். 1991-இல் முழுதாக வெளியான ஆய்வில், என்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் என்ற இரண்டு மாத்திரைகளில் ஒன்றைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். ஈ.சி.ஜி. அழகாக இருந்தது, ஆள் இல்லை.

அதே பிரிவில் இன்னொரு அறை. நடந்தால் நெஞ்சு வலிக்கிறது, ஆஞ்சியோவில் அடைப்பு தெரிகிறது, ஸ்டென்ட் வைக்கிறார்கள், வலி குறைகிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? 2017-இல் லண்டனில் ரஷா அல்-லாமீ குழுவினர் சந்தேகப்பட்டார்கள். 200 பேருக்கு முதலில் ஆறு வாரம் மருந்துகளைச் சரியாகக் கொடுத்தார்கள். பிறகு எல்லோரையும் மேசையில் படுக்க வைத்து, மயக்க மருந்து கொடுத்து, காதில் பாட்டுக் கேட்கும் ஹெட்போனை மாட்டி, குலுக்கலில் பாதிப் பேருக்கு மட்டும் ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்குக் குழாயை உள்ளே விட்டு எடுத்ததோடு சரி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு கவனித்த டாக்டருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து ட்ரெட்மில்லில் நடக்கவிட்டால், ஸ்டென்ட் வைத்தவர்கள் முன்னைவிட 28 விநாடி கூடுதலாக நடந்தார்கள். வைக்காதவர்களும் 12 விநாடி கூடுதலாக நடந்தார்கள். நடுவில் உள்ள வித்தியாசம், தற்செயல் என்று சொல்லிவிடக்கூடிய அளவுதான்.

இதை வைத்து 'ஸ்டென்ட் மோசடி' என்று துண்டறிக்கை அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வைக்கும் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றும், அது வேறு சங்கதி. ஆறப்போட்டுச் செய்யக்கூடிய, நிலையான நெஞ்சுவலியைப் பற்றிய கேள்வி இது. அதே குழுவினர் 2023-இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்த முறை 301 பேருக்கு நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி உண்மையாகவே குறைந்தது. தாங்கள் கிளப்பிய சந்தேகத்தையே திரும்பவும் சந்தேகித்துப் பார்த்தார்கள். நம் விவாதங்களில் இந்தப் பண்பை நான் அதிகம் கண்டதில்லை. 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து 2020-இல் வெளிவந்த பெரிய ஆய்வும், நிலையான இதயநோயில் உடனே ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று போவது, மருந்தோடு தொடங்குவதைவிட மரணத்தையோ மாரடைப்பையோ தெளிவாகக் குறைக்கவில்லை என்றது. ஆக, "நாளைக்கே வைக்கலேன்னா கேரண்டி கிடையாது" என்று வெளியே நிற்கும் மனைவியிடம் சொல்லும்போது, அது எந்த வகை நெஞ்சுவலி என்று திருப்பிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

எலும்பு வார்டை வேகமாகக் கடந்துவிடலாம். தேய்ந்த மூட்டுக்குள் சிறு துளை வழியாகப் போய்க் கழுவி, சுரண்டிச் சுத்தம் செய்யும் அறுவை. 2002-இல் அமெரிக்காவில் 180 பேரை வைத்துப் பார்த்தார்கள். தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பப்பட்டவர்களுக்கும் அறுவை நடந்தவர்களுக்கும் இரண்டு வருஷம் கழித்தும் வலியில் வித்தியாசம் இல்லை.

குழந்தைகள் வார்டில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடும் காய்ச்சலில் கை கால் ஜில்லிட்டு, ரத்த ஓட்டம் குன்றி வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக மளமளவென்று குளுக்கோஸ் அல்ல, உப்புநீரை ஏற்ற வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. உகாண்டா, கென்யா, தான்சானியா மூன்று நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு, செயற்கைச் சுவாசக் கருவி ஏதும் இல்லாத மருத்துவமனைகள். 2011-இல் முடிவு வந்தது. வேகமாக உப்புநீர் ஏற்றிய குழந்தைகளில் இரண்டு நாளுக்குள் 10.5 சதவீதம் இறந்தார்கள். அப்படி ஏற்றாமல், மெதுவாகத் தேவையான நீர் மட்டும் கொடுத்த குழந்தைகளில் 7.3 சதவீதம். பிறகு தரவுகளை அலசியபோது இன்னொன்று தெரிந்தது. முதல் ஒரு மணி நேரத்தில், வேகமாக ஏற்றிய குழந்தைகளுக்குத்தான் ரத்த ஓட்டம் அதிகம் தேறியிருந்தது. கை சூடாகிறது, நாடி திரும்புகிறது. பக்கத்தில் நின்ற டாக்டரும் தாயும் 'தேறுது' என்று கண்ணால் கண்டிருப்பார்கள். மரணம் பிறகு வந்தது. கைராசி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. கெட்ட எண்ணம் யாருக்குமே இல்லை. கண் பொய் சொன்னது. எண்ணிப் பார்த்ததால் மட்டுமே தெரியவந்தது.

கடைசியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவு. 2020 கொரோனா. டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு. கொடுக்கலாமா கூடாதா என்று பேராசிரியர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் 6,425 பேரை வைத்துப் பார்த்து ஜூன் மாதமே பதில் சொல்லிவிட்டன. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் சாவு 41.4 சதவீதத்திலிருந்து 29.3-ஆகக் குறைந்தது. ஆனால் அதே ஆய்வில் இரண்டாவது பாதியும் உண்டு. ஆக்சிஜன் தேவைப்படாத நிலையில் கொடுத்தபோது பலன் ஏதும் இல்லை. சாவு கூடியதற்கான சாடை கூடத் தெரிந்தது. நம் நாட்டுக்கு அந்தப் பதிலின் முதல் பாதி மட்டும் வந்து சேர்ந்தது. காய்ச்சல் வந்த முதல் நாளே வீட்டில் இருந்தபடி ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் எத்தனை பேர்! சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்புகளில் 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்து கண்ணைப் பறித்ததை மறந்திருக்க மாட்டோம்.

4

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தக் கருவியின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. குலுக்கல் சீட்டு நடுநிலையானது. சீட்டில் பேர் எழுதப்படுகிறவர்கள் யார், எழுதுகிறவர்கள் யார் என்பது நடுநிலையானது அல்ல.

திண்டுக்கல் மாவட்டம். கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய முறை ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற நர்ஸே செய்துவிடலாம். இது சாவைக் குறைக்குமா? 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். பாதி ஊர்களில் சுமார் 49,000 பெண்களுக்குப் பரிசோதனை அழைப்பு. மீதி ஊர்களில் சுமார் 31,000 பெண்களுக்குப் பரிசோதனை கிடையாது, வழக்கமாக என்ன உண்டோ அதுதான். வழக்கமாக என்ன உண்டு? ஒன்றும் கிடையாது. 2007-இல் வெளியான முடிவு: பரிசோதனை ஊர்களில் இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு. பிறகு தமிழ்நாட்டு அரசுத் திட்டத்துக்கு இந்த முறை வந்து சேர்ந்தது, பல பெண்கள் பிழைத்திருக்கிறார்கள். இதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஊர்களில் 92 பெண்கள் இந்த நோயால் செத்தார்கள். மும்பை, உஸ்மானாபாத் ஆய்வுகளையும் சேர்த்தால் பரிசோதனை இல்லாத பக்கத்தில் 254 சாவுகள் என்று விமரிசகர்கள் கணக்குக் காட்டினார்கள். கருப்பைவாயைப் பரிசோதித்து இந்த நோயை முன்கூட்டியே பிடிக்கலாம் என்பது மேற்கு நாடுகளில் 1940-களிலேயே தெரிந்த சங்கதி.

ஆய்வாளர்களின் பதில்: 'நாங்கள் எதையும் பறிக்கவில்லை. அவர்களுக்கு முன்பும் பரிசோதனை இல்லை.' லண்டனில் 1948-இல் கேட்ட அதே இல்லாமை நியாயம். அங்கே இல்லாமல் போனது ஸ்ட்ரெப்டோமைசின். இங்கே இல்லாமல் போனது ஒரு குப்பி வினிகரும் ஒரு நர்ஸும். முதலாவது போரால் வந்த பஞ்சம். இரண்டாவதை உண்டாக்கியது யார்? ஒரு சமூகம் கொடுக்க மறுத்ததையே அறிவியல் தன் ஒப்பீட்டுக் குழுவாக எடுத்துக்கொள்கிறது. வறுமை ஒரு ஆய்வுக்கூட வசதியாகிவிடுகிறது.

கம்மம் இன்னும் மோசம். 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளி வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். பாத் என்ற அமெரிக்க நிறுவனமும் நம் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய திட்டம். கம்மத்தில் பலர் ஆதிவாசிகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். அவர்களுக்காக ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்றோரைக் கேட்டவர் இல்லை. 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. இடையில் இறந்த ஏழு சிறுமிகளின் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது விசாரணைக் குழு. அந்தத் தடுப்பூசி நல்லது என்பதற்கு இன்று போதுமான ஆதாரம் இருக்கிறது. அதனால் என்ன? நல்ல ஊசியைக்கூடக் கேட்காமல் போடக்கூடாது என்பதுதான் விவகாரம். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் கேட்டிருந்தால் சம்மதித்தே இருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை என்பதில்தான் சாதியும் வர்க்கமும் இருக்கின்றன.

இன்னொன்று, பணம். வலி மாத்திரை வயாக்ஸை எடுத்துக்கொள்வோம். 2000-இல் வெளியான ஆய்வில் பழைய நாப்ராக்ஸனைவிட இதில் மாரடைப்பு கூடுதலாகத் தெரிந்தது. 'இது மாரடைப்பை உண்டாக்கவில்லை, அது மாரடைப்பைத் தடுக்கிறது' என்று வியாக்கியானம் எழுதினார்கள். நாலு வருஷம் விற்று, 2004-இல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். மூன்று மாரடைப்புகள் அந்தக் கட்டுரையில் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பது 2005-இல் வெளிவந்தது. குலுக்கலில் தில்லுமுல்லு இல்லை, வாசிப்பில் இருந்தது. பிரதியை யார் எழுதுகிறார், எதை விடுகிறார் என்று பார்க்க இலக்கிய விமரிசகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

5

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். அதற்குச் சென்னை சேத்துப்பட்டுக்குப் போக வேண்டும்.

1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அன்றைக்கு டி.பி. என்றால் சானட்டோரியம். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். இடம் கிடைக்காதவர்கள் வீட்டில் கிடந்து சாக வேண்டியதுதான். மையத்தில் நகரத்து ஏழைகள் 193 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். ஒரு பாதி சானட்டோரியத்தில், மறு பாதி தங்கள் வீட்டில். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடிசையில் இருந்தார்கள், வேலைக்குப் போனார்கள், கிடைத்ததைச் சாப்பிட்டார்கள். 1959-இல் முடிவு: சானட்டோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வீட்டில் 86 சதவீதம். கிட்டத்தட்டச் சமம். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

உலகத்தையே மாற்றிய ஆய்வு இது. படுக்கை கிடைக்காது என்று விரட்டப்பட்ட கோடிக்கணக்கான ஏழைகளுக்கு, வீட்டிலிருந்தே இலவச மருந்து என்ற வாசல் திறந்தது. சானட்டோரியம் என்ற நிறுவனமே இதனால் காலாவதியானது. அடைத்துவைக்கும் மருத்துவமனை பற்றி ஃபூக்கோ எழுதத் தொடங்கிய அதே காலத்தில், அதைத் திறந்துவிட்டது சேத்துப்பட்டில் குலுக்கிய சீட்டு.

ஆனால் அந்தப் பதிலின் கூடவே வேறொரு வாக்கியமும் ஒட்டிக்கொண்டு போனது: மருந்து சரியாகப் போனால் போதும், சாப்பாடு முக்கியமில்லை. ஆய்வு அதைச் சொல்லவில்லை. மருந்து வேலை செய்ய நல்ல சாப்பாடு நிபந்தனை அல்ல என்றுதான் சொன்னது. பசித்த வயிற்றுக்காரருக்கு நோய் ஏன் வருகிறது, அவர் வீட்டில் அடுத்து யாருக்கு வரும் என்பது வேறு கேள்வி. சோற்றைவிட மாத்திரை மலிவு. அதனால் அரசுகளுக்கு அந்தத் திரிந்த வாக்கியம் இனித்தது. பல பத்தாண்டுகள் காசநோய்த் திட்டம் என்றால் மாத்திரைத் திட்டம் என்றே ஆனது. 'சாப்பிடாம மாத்திரை போட்டா வயித்தைப் பிரட்டுது' என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது ஒரு ஆய்வுக் கேள்வியாக யார் காதிலும் விழவில்லை.

அறுபத்து நாலு வருஷம் கழித்து, 2023-இல், அந்தக் கேள்விக்கு ஆய்வு வந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்கள். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில். சேத்துப்பட்டு மையம் இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதுவும் இதில் கை கோத்தது. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த 10,345 பேர், பெரும்பகுதி ஆதிவாசிகள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதா மாதம் உணவுப் பை. குலுக்கலில் பாதி இடங்களில் மட்டும் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான் மருந்து. சோறு போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரலில் கிருமி உறுதியான நோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். தடுப்பூசி ஒன்று இப்படிக் குறைத்திருந்தால் எத்தனை தலைப்புச் செய்திகள் வந்திருக்கும்!

இந்த ஆய்விலும் பாதி வீடுகளுக்குச் சோறு போகவில்லை என்று திண்டுக்கல் கேள்வியை இங்கேயும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அந்த வீடுகளிலும் நோயாளிக்கு உணவு போனது என்பது ஒரு பதில். முழுப் பதில் அல்ல.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். இது குலுக்கல் ஆய்வு அல்ல. நோய் தெரிந்ததுமே எடை, உயரம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, தானாக நிற்க முடிகிறதா என்று பார்த்து, மிகவும் மெலிந்தவர்களையும் தள்ளாடுகிறவர்களையும் உடனே படுக்கையில் சேர்த்து ஊட்டம் கொடுப்பது. 1959 படுக்கையை எடுத்தது. யாருக்கு அந்தப் படுக்கை தேவை என்ற கேள்வி திரும்பி வந்திருக்கிறது. நோயாளிக்கு ஒன்றிய அரசு தரும் ஊட்டச்சத்துப் பணம் 2018-இல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000. ஒரு குடும்பத்துக்கு இது எத்தனை நாள் பருப்பு என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

6

1959, 2023 இரண்டு ஆய்வுகளும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். ஆய்வு என்பது பதில் சொல்லும் இயந்திரம், கேள்வியை வெளியிலிருந்து யாராவது போட வேண்டும். இன்று அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றைப் போடுகிறவர்கள் விற்க ஏதாவது வைத்திருப்பவர்கள். பருப்புக்கு காப்புரிமை கிடையாது, அதனால் அந்தக் கேள்விக்கு அறுபது வருஷம் ஆனது.

ஆகவே தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: கருவியை உடைக்க வேண்டாம், கேள்வியைப் பிடியுங்கள். செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு 2007-இலிருந்து பொதுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. 2009-இலிருந்து மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். உங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது, யார் பணம், ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்கலாம். தன்னார்வக் குழுக்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடியதால்தான் புது மருந்து ஆய்வுகளில் ஒப்புதலை ஒலி-ஒளியாகப் பதிவு செய்வது 2013-க்குப் பிறகு விதியாக வந்தது. சுரங்கத் தொழிலாளி, துப்புரவுத் தொழிலாளி, தோல் பதனிடுகிறவர், பனை ஏறுகிறவர் இவர்களின் உடம்புக்கு எது நல்லது என்ற கேள்விகள் சங்கக் கூட்டங்களில்தான் பிறக்க முடியும். அவற்றை ஆய்வாக்கு என்று கேட்பதும் ஒரு கோரிக்கைதான், கூலி உயர்வு போல.

நண்பர் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர். இதையும் படிப்பார். அந்த ரெண்டாவது யூனிட் கிடைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை அவர் இப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த இரவில் அவர் எதையும் தவறவிடவில்லை. தவறவிட்டவர்கள் வேறு ஆட்கள்.